கழுகுக்கு அரசிதழ், மனுசனுக்கு அரை அட்டை

இந்திய அரசுக்குச் சிறுநீரகத்தின் மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொள்ளை அக்கறை உண்டு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கிறது என்று தெரிந்ததும், 2006-இல் அதைக் கால்நடைகளுக்காகத் தயாரிக்கவே கூடாது என்று தடை போட்டார்கள். தடையை ஏமாற்றி, மனிதர்களுக்கான 30 மில்லிக் குப்பியை வாங்கி மாட்டுக்குக் குத்துகிறார்கள் என்ற செய்தி டெல்லிக்கு எட்டியது. 2015-இல் அரசிதழில் இன்னோர் அறிவிக்கை வந்தது: மனிதர்களுக்கான ஊசிக் குப்பியும் இனி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அரசு செய்தது சரிதான் என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் கால்நடைகளுக்குக் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கூடாது என்றார்கள். 2024 கடைசியில் நிமசுலைடும் போயிற்று.

இத்தனையும் யாருடைய சிறுநீரகத்துக்காக? பாறுக் கழுகின் சிறுநீரகத்துக்காக.

கழுகோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. வெண்முதுகுப் பாறு 1990களில் சரியத் தொடங்கி, 2007-க்குள் இந்தியாவில் ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதை 2004-இல் வெளியிட்டார்கள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் யூரிக் அமில உப்பு வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட ஊசி, மாடு செத்த பிறகும் அதன் சதையில் இருந்தது. தின்ற கழுகின் சிறுநீரகம் ஓரிரு நாளில் நின்றது. கழுகு போனதும் செத்த மாட்டைத் தின்ன ஆளில்லை. நாய் பெருகியது, நீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இதனால் செத்திருக்கலாம் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-இல் மதிப்பிட்டார்கள். ஆகவே கழுகைக் காப்பாற்றியது நல்ல காரியம். கும்பிட்டுச் சொல்கிறேன்.

என் கேள்வி சின்னது. கழுகின் சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து மனுசனின் சிறுநீரகத்துக்கும் ஆகாமல் போகலாம் என்று அந்த அரசிதழை அச்சடித்த அச்சகத்தில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை? மனுசனுக்கு அது அவ்வளவு கொடிய விஷமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். கழுகு ஒரு வேளைத் தீனியில் செத்தது. நாம் பத்துப் பதினைந்து வருஷம் தாக்குப் பிடிக்கிறோம். அந்தப் பெருமை நமக்கு உண்டு.

தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளைப் பார்க்க முதுமலைக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டும். மாயாறு பவானிசாகரில் கலக்கிறது. அங்கிருந்து சத்தி, கோபி, குன்னத்தூர், பெருமாநல்லூர் என்று பஸ் பிடித்தால் திருப்பூர். கழுகின் ராஜ்யத்திலிருந்து மனுசனின் ராஜ்யத்துக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, கம்பெனி விடும் நேரத்தில், ஏதாவது ஒரு மெடிக்கல் வாசலில் நின்று பாருங்கள்.

"ண்ணா, மேலுவலிக்கு ஒரு செட்டு குடுங்ணா."

"எத்தன வேளைக்குங்க?"

"நாலு வேளைக்குப் போடுங்ணா. நாளைக்கும் ஓவர் டைம் இருக்குது."

அவ்வளவுதான் மருத்துவ ஆலோசனை. வயசு என்ன, சுகர் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாயா, காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய், ஒன்றும் கிடையாது. கடைக்காரர் திரும்பாமலே கையை நீட்டி நாலு டப்பாவிலிருந்து நாலு அட்டையை உருவுகிறார். கத்தரிக்கோல் விளையாடுகிறது. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, கேஸுக்கு ஒன்று, பெயர் சொல்ல விரும்பாத பொடி மாத்திரை ஒன்று. சின்னக் காகிதக் கவரில் போட்டு ஒரு மடிப்பு. "சாப்பிட்டுட்டுப் போடுங்க."

அந்த அட்டையை ஒருமுறை முழுசாக வாங்கிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இருக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில், எறும்பு படித்தால் புரியும் அளவில், இது ஷெட்யூல் எச் மருந்து, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று எழுதியிருக்கும். டைக்ளோஃபெனாக்குக்கும் அசிக்ளோஃபெனாக்குக்கும் சட்டம் அதுதான். கத்தரிக்கோல் குறுக்கே ஓடும்போது மாத்திரை ஒருத்தருக்குப் போகிறது, எச்சரிக்கை அடுத்தவருக்குப் போகிறது, காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடுகிறது. மாட்டுக்குப் போய்விடும் என்று மனிதர்களுக்கான ஊசிக் குப்பியை 30 மில்லியிலிருந்து 3 மில்லியாக்கச் சட்டத்துக்குக் கை நீண்டது. இந்தக் கத்தரிக்கோல் வரைக்கும் நீளவில்லை.

மருந்துக் கடைக்காரரின் அந்த ஒற்றை வாக்கியத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வலி மாத்திரையைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் ஒரே மருத்துவ அறிவு அதுதான்: வெறும் வயிற்றில் போடாதே. பாட்டிக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், பத்தாங்கிளாஸ் பெயிலானவனுக்கும் தெரியும். வயிறு எரியும் உறுப்பு. எரிந்தால் கத்தும், ஆகையால் அதற்கு ஒரு கேஸ் மாத்திரையைத் துணைக்கு அனுப்பிவிடுகிறோம். சிறுநீரகம் கத்தாது. ஏறக்குறையப் பாதி வேலை போகும் வரை ரத்தத்தில் கிரியாட்டினின் கூட ஒழுங்காகவே காட்டும். நம் ஊரில் கத்தாதவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சிறுநீரகத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதில் இன்னொரு கூத்து: வயிற்றைக் காக்க அனுப்புகிறோமே பான்டபிரசோல் வகை மாத்திரை, அதுவே சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. உடம்பில் தண்ணீர் வற்றும்போது அந்தப் பங்கு குறையும். அப்போது புரோஸ்டகிளாண்டின் என்ற சுரப்பு, ரத்தம் உள்ளே வரும் குழாயை விரித்துக்கொடுத்து வடிகட்டி காயாமல் பார்த்துக்கொள்ளும். ஏரியில் தண்ணீர் இறங்கும்போது மடையை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கடைமடை வயலைக் காப்பாற்றும் நீர்கட்டி மாதிரி. வலியை உண்டாக்குவதிலும் இதே சுரப்புக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் வலியைத் தணிப்பது இந்தச் சுரப்பைத் தடுத்துத்தான் என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார், 1982-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆக, மாத்திரை போட்டதும் முட்டியில் வலி நிற்கிறது, அதே நேரம் சிறுநீரகத்தில் நீர்கட்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். தண்ணீர் தாராளமாக இருக்கும் உடம்பில் பெரிதாக ஒன்றும் ஆகாது. வறண்ட உடம்பில்தான் வினை.

வறண்ட உடம்பு எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். உற்பத்தியே இங்கேதான். தையல் லைனில் உட்காரும் பெண் மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார், வாட்ச்சைப் பார்த்தால் பீஸ் கணக்கு குறையும். ஜவுளிக்கடையில் புடவை விரிக்கும் பெண்ணுக்கு உட்கார நாற்காலி கிடையாது. விற்பனையாளரும் மனிதப் பிறவிதான், உட்கார விடு என்று சொல்வதற்கு 2021-இல் சட்டமன்றம் கூடி, கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வரும் வழியில் இருக்கிறது. அதுவரை கால் வலிக்கு மாத்திரை. செங்கல் சூளையில் சித்திரை வெயில், அதற்கும் மாத்திரை. லோடுமேனுக்கு ராத்திரி ஒரு குவாட்டரும் ஒரு செட்டும். ஒன்றை விற்பது அரசு, இன்னொன்றை விற்க விடுவது அரசு.

கூலிக்காரருக்கு வலி வந்தால் செய்ய வேண்டியது என்ன? ஓய்வு, தண்ணீர், நிழல், உட்கார ஓர் இடம், சம்பளம் பிடிக்காத ஒரு நாள் லீவு. இவற்றுக்கெல்லாம் முதலாளிக்குச் செலவு ஆகும். மாத்திரைக்குச் செலவு சில ரூபாய், அதையும் பெரும்பாலும் தொழிலாளியே கொடுத்துவிடுகிறார். இதைவிட மலிவான தொழிலாளர் நலத் திட்டம் உலகத்தில் உண்டா?

உண்டு. இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி, 2019-இல் எழுதியது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் ஆலையிலேயே பெயர் அச்சிடாத மாத்திரை கொடுத்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். சோதித்துப் பார்த்ததில் அவை ஐபுரூஃபென் ரக வலி மருந்துகள் என்று தெரிந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ ஆட்களோடு ஒரு முதலுதவி அறை வேண்டும் என்று அப்போது அமலில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. சட்டத்தை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்பார்கள் போல. அறைக்குப் பதிலாகச் சூப்பர்வைசரின் சட்டைப்பை.

கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் வயிற்று வலி. வீட்டுக்குப் போ என்று சொல்லலாம். பத்து நிமிஷம் படு என்று சொல்லலாம். அவள் கையில் பெயரில்லாத ஒரு மாத்திரையைத் திணித்து, விழுங்கிவிட்டு மிஷினில் உட்கார் என்று சொல்ல எத்தனை அழுத்தமான நெஞ்சு வேண்டும்? அவள் தைத்த பனியனில் சலவைக் குறிப்பு இருக்கிறது, எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், எதில் போடக் கூடாது என்று பல பாஷையில். துணிக்கு லேபிள் உண்டு. அவள் விழுங்கியதற்கு இல்லை.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று காலரைத் தூக்கவும் வழியில்லை. சுவீடனில் ஹஸ்க்வர்ணா என்ற ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1918 இன்ஃபுளுயன்சாவின்போது ஊர் டாக்டர் ஒருவர் காய்ச்சலுக்கு ஒரு பொடி கொடுத்தார். ஃபினாசிட்டின், ஃபினசோன், காஃபின். காய்ச்சல் போன பிறகும் தொழிலாளிகள் பொடியை விடவில்லை. போட்டுக்கொண்டால் அலுப்புத் தெரியாமல் கை ஓடியது. பல வருஷம் கழித்து அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்களை எண்ண வேண்டிவந்தது. ஃபினாசிட்டினைப் பெரும்பாலான நாடுகள் ஒதுக்கித் தள்ளிவிட்டன. மருந்து மாறியது. கை ஓடியாக வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டில் பயிற்சி டாக்டர் நோயாளியைக் கேட்பார்: "அம்மா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" அந்த அம்மா கொஞ்சம் கோபத்தோடே சொல்வார்: "எனக்கு மாத்திரை சாப்பிடற பழக்கமே இல்ல தம்பி." பக்கத்தில் நிற்கும் மகள், "அதான்மா, தினம் மெடிக்கல்ல வாங்குவியே" என்பாள். "அது மாத்திரையா? மேலுவலிக்குச் செட்டு." பொய்யே கிடையாது. டீயும் வெற்றிலையும் எப்படி மருந்தில்லையோ அப்படி அதுவும் மருந்தில்லை. கேஸ் ஷீட்டில் காரணம் தெரியவில்லை என்று ஏறும்.

அதன் பிறகு அரசு ஓடோடி வரும். இதில் கேலியில்லை, உண்மையிலேயே வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மையத்துக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், கையில் ஊசி குத்திப் படுத்துக்கிடக்கலாம். வேலைக்கு லீவு கேட்டபோது கிடைக்காத ஓய்வு இப்போது கட்டாயமாகக் கிடைக்கிறது. புது டயாலிசிஸ் மையம் திறந்தால் ரிப்பன் உண்டு, குத்துவிளக்கு உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. சீட்டில்லாமல் வலி மாத்திரை விற்காத ஒரு மருந்துக் கடைக்கு எந்த ரிப்பனை வெட்டுவது? கெட்டுப்போகாத சிறுநீரகத்தின் பக்கத்தில் நின்று எப்படிப் போட்டோ எடுப்பது?

2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைக் காட்டிப் புரோக்கர்கள் சிறுநீரகம் வாங்கிய சங்கதி வெளியே வந்தபோது எல்லாரும் கொதித்தோம். டிவியில் விவாதம் நடந்தது, விசாரணைக் குழு போனது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் புரோக்கர் ஒன்றைத்தான் எடுத்தார், எடுத்ததற்கு ஏதோ காசும் கொடுத்தார். மாத்திரை இரண்டையும் எடுக்கிறது, எடுப்பதற்குக் காசும் வாங்கிக்கொள்கிறது. அதற்கு எந்தச் சேனலிலும் விவாதம் இல்லை. அந்த நேரத்தில் விளம்பரம் ஓடுகிறது: தலைவலியில் சுருண்ட அம்மா ஒரு மாத்திரை போட்டதும் எழுந்து நாலு பேருக்குத் தோசை சுடுகிறாள். குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தோசை சுடத் தெரியாத வியாதிக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, எப்போதோ ஒரு நாள் பல்வலிக்குப் போட்ட ஐபுரூஃபெனை நினைத்து யாரும் பதற வேண்டாம். நல்ல உடம்புக்காரர், தண்ணீர் குடிப்பவர், இரண்டு மூன்று நாளைக்குப் போட்டால் சிறுநீரகம் பெரும்பாலும் சமாளித்துவிடும். தொடக்கத்திலேயே நிறுத்தினால் ஏறிய கிரியாட்டினின் இறங்குவதும் வழக்கம்தான். சொன்ன அளவுக்குள் பாராசிட்டமால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. பயப்பட வேண்டியவர்கள் வேறு: வயதானவர்கள், சுகர்காரர்கள், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள், வாந்தி பேதியில் வறண்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள். எல்லாருக்கும் மேலாக, பிரஷருக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்டானோ சாப்பிட்டு, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள். அந்த இரண்டோடு வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. அதே அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதா மாதம் பிரஷர் மாத்திரையை இலவசமாக வாங்கிக்கொண்டு வருகிற பெரியவர், பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் மூட்டுவலிக்கு அரை அட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். முதலிரண்டும் ஒரு பையில், மூன்றாவது இன்னொரு பையில். இரண்டு பையையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

டாக்டர்களுக்கு ஒரு வரி மிச்சம் வைத்திருக்கிறேன். ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று ஜனம் நினைக்கிறது என்பீர்கள். சரி. நினைக்க வைத்தது யார்?

எங்கள் தெரு மெடிக்கல்காரரிடம் ஒருநாள் இதையெல்லாம் கொட்டினேன். கழுகு, அரசிதழ், சிவப்புக் கோடு, எல்லாவற்றையும். மனிதர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு பெண் வந்து செட்டு கேட்டார். பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, இரண்டு காலும் வீங்கியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நாலு வேளைக்கு வெட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் போன பிறகு நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"நீங்க சொல்றது பூராவும் சரிங்க. அந்தப் புள்ளைக்கு வேணுங்கறது ரெண்டு நாள் லீவு. அது நம்ம கடைல ஸ்டாக் இல்லீங்க. எந்தக் கம்பெனி சப்ளை பண்றான்னு சொல்லுங்க, நாளைக்கே ஆர்டர் போட்டர்றேன்."